தொடைத்தசைக் காயமும் விளையாட்டு வீரர்களின் புனர்வாழ்வும்

காவல்துறை, இராணுவம் ஆகியவற்றின் ஆட்சேர்ப்பு அறிவிப்புகள் வெளிவரும் காலங்களில் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் மைதானங்கள் விடியுமுன்பே நிறைந்துவிடுகின்றன. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் தாரக ராமா விளையாட்டரங்கிலும், சிற்றூர்களின் உயர்நிலைப் பள்ளித் திடல்களிலும், போக்குவரத்துக் குறைந்த சாலைகளிலும் இளைஞர்களும் இளம் பெண்களும் ஓடிப் பழகுகின்றனர். ஆந்திரப் பிரதேசக் காவலர் தேர்வின் உடற்தகுதிச் சோதனையில் 1600 மீட்டர் ஓட்டம், 100 மீட்டர் ஓட்டம், நீளத் தாண்டல் ஆகியவை இடம்பெறுகின்றன. இராணுவத் தேர்விலும் 1.6 கிலோமீட்டர் ஓட்டம் உண்டு. சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஒருவருக்கு இந்தச் சில நிமிட ஓட்டம் அரசுப் பணிக்கான வாயிலாக அமைகிறது. சோதனைக்குச் சில வாரங்களே இருக்கும்போது தொடையின் பின்புறத்தில் சுளீரென்று வலி எடுத்து, ஓடியவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால் அந்த வாயில் அடைபடக்கூடும்.

பேச்சு வழக்கில் ‘சதை பிடித்துக்கொண்டது’ என்று கூறப்படும் இக்காயத்தை விளையாட்டுத் துறையினர் ஹாம்ஸ்ட்ரிங் காயம் என்பர். தொடையின் பின்தசை நார்கள் அளவுக்கு மீறி இழுபட்டோ அறுந்தோ போவதால் இது ஏற்படுகிறது. காயமுற்றவர்கள் பொதுவாக இரண்டு வழிகளுள் ஒன்றை மேற்கொள்கின்றனர். சிலர் எண்ணெய் தேய்த்து, வலி மாத்திரை உட்கொண்டு, மறுநாளே ஓடத் தொடங்குகின்றனர். வேறு சிலர் வலி நிற்கும் வரை படுத்து ஓய்வெடுத்துவிட்டு, வலி நின்ற முதல் நாளே முழு வேகத்தில் ஓடுகின்றனர். இரண்டு வழிகளும் பெரும்பாலும் மற்றொரு காயத்திலேயே முடிகின்றன. வலி நிற்பது குணமடைதலின் தொடக்கம் மட்டுமே. தசை இழந்த வலிமையையும் நீளத்தையும் படிப்படியான சுமையினால் மீட்டுத் தருவதே புனர்வாழ்வின் நோக்கமாகும். இதற்கு விலையுயர்ந்த கருவிகளைவிட, முறையான அறிவும் சில வாரங்களின் பொறுமையும் வழிகாட்டும் ஒருவரும் அதிகம் தேவைப்படுகின்றன.

காயத்தின் இயல்பு

தொடையின் பின்புறத்தில் மூன்று தசைகள் உள்ளன. தரையில் உட்காரும்போது அழுந்தும் இடுப்பெலும்பின் முனையிலிருந்து இவை தோன்றி, முழங்காலைக் கடந்து கணைக்கால் எலும்புகளில் சென்று இணைகின்றன. வெளிப்புறத்தில் அமைந்திருப்பது இருதலைத் தசை. அதன் நீண்ட தலையே இடுப்பிலிருந்து வருவது. குறுகிய தலை தொடையெலும்பிலிருந்து தோன்றுவது. மற்ற இரு தசைகளும் உட்புறத்தில் உள்ளன. இடுப்பு, முழங்கால் என இரண்டு மூட்டுகளையும் ஒருங்கே கடந்து செல்வது இத்தசைத் தொகுதியின் தனித்தன்மை. இடுப்பைப் பின்னோக்கி நீட்டுவதும் முழங்காலை மடக்குவதும் இதன் பணிகள்.

விரைந்து ஓடும்போது கால் முன்னோக்கி வீசப்படுகிறது, முழங்கால் நீள்கிறது. பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னர், வீசப்பட்ட கணைக்காலின் வேகத்தைத் தடுத்து நிறுத்த வேண்டிய பொறுப்பு பின்தசைகளைச் சேர்கிறது. அப்போது அவை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகின்றன. ஓட்டத்தில் ஏற்படும் காயங்களுள் பெரும்பாலானவை இந்த நொடிப்பொழுதில்தான் நிகழ்கின்றன. அவற்றுள் மிகுதியும் இருதலைத் தசையின் நீண்ட தலையைத் தாக்குகின்றன.

தசை நீண்டுகொண்டே சுமை தாங்குவது என்பதைத் திருமலைப் படிகளில் ஏறி இறங்கியோர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். அலிபிரியிலிருந்து சுமார் 3,550 படிகள் ஏறும்போது தசைகள் சுருங்கி உடலை மேலே உயர்த்துகின்றன, மூச்சு வாங்குகிறது. இறங்கும்போது மூச்சு அவ்வளவாக வாங்குவதில்லை. ஆயினும் தொடைகள் நடுங்குகின்றன. மறுநாள் கடுமையாக வலிக்கின்றன. ஒவ்வொரு படியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குவதே காரணம். ஏறுவதைவிட இறங்குவதே தசைக்குக் கடினமான வேலை. விரைந்து ஓடுபவரின் பின்தசை இதே வகையான வேலையை மிகக் குறுகிய நேரத்தில், மிக அதிக வேகத்தில் செய்கிறது. அதற்குப் பழக்கப்படாத தசை அறுபடுகிறது.

மற்றொரு வகைக் காயம், கால் மிகையாக நீட்டப்படுவதால் வருவது. நடனக் கலைஞர்கள், பந்தை ஓங்கி உதைப்பவர்கள், எதிரணியினரைத் தொடக் காலை நீட்டும் கபடி வீரர்கள் ஆகியோரிடம் இதனைக் காணலாம். இது உட்புறத் தசையின் மேற்பகுதியில், உட்காரும் எலும்பிற்கு அருகே ஏற்படுவது வழக்கம். தொடக்கத்தில் வலி குறைவாகத் தோன்றினாலும், ஓட்டத்தில் ஏற்படும் காயத்தைவிட இது குணமாக அதிகக் காலம் எடுத்துக்கொள்ளும்.

காயத்தின் கடுமை மூன்று தரங்களாகப் பிரிக்கப்படுகிறது. முதல் தரத்தில் சில நார்களே பாதிக்கப்படுகின்றன. நடக்க முடியும், ஓடினால் வலிக்கும். இரண்டாம் தரத்தில் தசையின் ஒரு பகுதி அறுபடுகிறது. நொண்டி நடக்க நேரிடும், வலிமை குறையும். மூன்றாம் தரத்தில் தசை முழுமையாக அறுபடுகிறது அல்லது தசைநாண் எலும்பிலிருந்து பிரிந்துவிடுகிறது. பொதுவாக முதல் தரக் காயம் இரண்டு, மூன்று வாரங்களிலும், இரண்டாம் தரக் காயம் நான்கு முதல் எட்டு வாரங்களிலும் சீர்படும். மூன்றாம் தரத்திற்கு மூன்று மாதங்களோ அதற்கு மேலோ தேவைப்படலாம்.

பயிற்சியும் வசதியும் மிகுந்த வீரர்களும் இக்காயத்திற்கு விலக்கானவர்கள் அல்லர். 2021 ஜனவரி 11 அன்று சிட்னி டெஸ்டின் இறுதி நாளில் ஆந்திர வீரர் ஹனுமா விகாரிக்கு, ஓட்டம் எடுக்கும்போது தொடைப் பின்தசை காயமுற்றது. அவர் தமிழக வீரர் அசுவினுடன் இணைந்து ஆட்டத்தின் இறுதிவரை நின்று, 161 பந்துகளில் 23 ஓட்டங்கள் எடுத்துத் தோல்வியைத் தவிர்த்தார். நின்ற இடத்தில் தடுத்தாடுவது அவருக்கு இயன்றது. விரைந்து ஓடுவது இயலவில்லை. அடுத்து நடைபெற்ற பிரிஸ்பேன் டெஸ்டில் அவரால் பங்குபெற முடியவில்லை. 2018ஆம் ஆண்டு உலக இளையோர் தடகளப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற ஹிமா தாஸ், 2021 ஜூனில் பட்டியாலாவில் இதே காயத்திற்கு உள்ளானார். டோக்கியோ ஒலிம்பிக் வாய்ப்பு கைநழுவியது. 2023இல் மீண்டும் தொடைத்தசைக் காயம் அவரைத் தொல்லைப்படுத்தியது. ஐரோப்பாவின் முன்னணிக் கால்பந்துக் கழகங்களில் நடைபெற்றுவரும் தொடர் ஆய்வின்படி, 2001–02 பருவத்தில் மொத்தக் காயங்களில் 12 விழுக்காடாக இருந்த தொடைப் பின்தசைக் காயங்கள், 2021–22 பருவத்தில் 24 விழுக்காடாக உயர்ந்துள்ளன.

எலும்பிற்கு ஒரு நெறி, தசைக்கு ஒரு நெறி

பழைய சித்தூர் மாவட்டத்தின் புத்தூர், எலும்பு முறிவுக்கான கட்டினால் தென்னாடு முழுவதும் பெயர் பெற்றது. மூலிகை, முட்டையின் வெண்கரு, மூங்கில் பத்தை, துணி ஆகியவற்றைக் கொண்டு போடப்படும் ‘புத்தூர் கட்டு’ தமிழ் மக்களுக்கும் நன்கு அறிமுகமானது. அடிபட்டால் கட்டுப் போட்டு அசையாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இப்பகுதி மக்களிடையே ஆழப் பதிந்திருப்பதில் வியப்பில்லை. முறிந்த எலும்பின் இரு முனைகளும் ஒன்றோடொன்று பொருந்தி இணைவதற்கு அசைவின்மை தேவை என்பது உண்மை. ஆனால் அதே நெறியைத் தசைக்கும் பொருத்தும்போது தீங்கு நேர்கிறது.

தசை அறுபட்டவுடன் அவ்விடத்தில் இரத்தம் கசிந்து வீக்கம் உண்டாகிறது. சில நாட்களில் சிதைந்த நார்கள் அகற்றப்பட்டு, புதிய நார்களும் தழும்புத் திசுவும் உருவாகின்றன. பின்னர்ப் பல வாரங்கள், சில வேளைகளில் பல மாதங்கள், அத்திசு சீரமைக்கப்படுகிறது. இச்சீரமைப்புக் காலத்தில் தசைக்கு அளவான இழுவிசை கிடைத்தால், புதிய நார்கள் அவ்விசையின் திசையில் வரிசையாக அமைந்து வலுப்பெறும். தசை அசைவற்றுக் கிடந்தால் தழும்பு ஒழுங்கின்றி வளரும். காயம்படாத பகுதிகூட மெலிந்து நலியும். வலி நின்றவுடன் ஓடுபவர் மெலிந்த தசையையும் முதிராத தழும்பையும் வைத்துக்கொண்டு ஓடுகிறார் என்பதே உண்மை நிலை.

சிகிச்சையை எப்போது தொடங்குவது என்ற வினாவுக்கு 2017இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று தெளிவான விடை அளித்தது. தொடை, கெண்டைக்கால் தசைக் காயமுற்ற 50 பொழுதுபோக்கு விளையாட்டு வீரர்கள் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் காயமடைந்த இரண்டாம் நாளிலும், மற்றொரு பிரிவினர் ஒன்பதாம் நாளிலும் பயிற்சி சிகிச்சையைத் தொடங்கினர். முதற் பிரிவினர் நடு அளவில் 62.5 நாட்களிலும், இரண்டாம் பிரிவினர் 83 நாட்களிலும் விளையாட்டுக்குத் திரும்பினர். தொடக்கத்தில் ஒரு வாரம் தாமதித்ததனால் இறுதியில் ஏறத்தாழ மூன்று வாரங்கள் இழக்கப்பட்டன.

முதல் சில நாட்கள்

காயம் ஏற்பட்டவுடன் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். தொடையைச் சுற்றி நீட்சித் துணிக்கட்டு மிதமான அழுத்தத்துடன் கட்டி, காலைச் சற்று உயர்த்தி வைத்தல் நல்லது. துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒரு முறைக்குப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் வைத்தால் வலி தணியும். முதல் இரண்டு, மூன்று நாட்களில் சூடான ஒத்தடம், அழுத்தித் தேய்த்தல், மது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். இவை இரத்தக் கசிவை மிகுவிக்கும். காயமுற்ற தசையை வலிக்க வலிக்க இழுத்து நீட்டுவதும் கூடாது. நொண்டி நடப்பவர் சில நாட்கள் ஊன்றுகோலைப் பயன்படுத்தலாம்.

இரண்டாம் நாள் முதற்கொண்டே மென்மையான பயிற்சி தொடங்கலாம். மல்லாந்து படுத்து, முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலைத் தரையில் அழுத்தி ஐந்து விநாடி நிறுத்தி விடுவது மிக எளிய முறை. மூட்டு அசையாமலேயே தசை வேலை செய்கிறது. வலியைச் சுழியிலிருந்து பத்து வரையிலான அளவில் மதிப்பிட்டால், பயிற்சியின்போது இரண்டு, மூன்றைத் தாண்டாத மெல்லிய வலி ஏற்கத்தக்கது. அதற்கு மேற்பட்டால் சுமையைக் குறைக்க வேண்டும்.

சில அறிகுறிகள் தோன்றினால் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும். காயத்தின்போது ‘பட்’ என்ற ஒலி கேட்டது, ஓரிரு நாளில் தொடையின் பின்புறம் முழுவதும் கருநீலமாகக் கன்றியது, உட்காரும் எலும்பின் அருகே கடும் வலி, நாலைந்து அடிகூட நடக்க இயலாமை ஆகியவை தசைநாண் எலும்பிலிருந்து பிரிந்திருக்கக்கூடும் என்பதைக் காட்டுகின்றன. இத்தகையோருக்கு ஊடொலிச் சோதனையோ எம்.ஆர்.ஐ. சோதனையோ தேவைப்படும், சிலருக்கு அறுவை சிகிச்சையும் வேண்டியிருக்கும். எஞ்சிய பெரும்பாலோருக்குக் கைதேர்ந்த ஒருவரின் நேரடிச் சோதனையே போதுமானது.

படிப்படியாக ஏற்றும் சுமை

நொண்டாமல் நடக்க முடிந்ததும் அடுத்த கட்டம் தொடங்குகிறது. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்தும் பயிற்சி முதலில் இரு கால்களாலும், பின்னர் ஒரு காலாலும் செய்யப்படுகிறது. வயிறு, இடுப்பு, புட்டப் பகுதித் தசைகளையும் உடன் வலுப்படுத்துவது அவசியம். 2004இல் அமெரிக்காவில் 24 வீரர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு இதனை உணர்த்துகிறது. தசையை நீட்டுதலும் அத்தசையை மட்டும் தனியாக வலுப்படுத்துதலும் செய்த 11 பேரில் 6 பேர், விளையாடத் திரும்பிய இரண்டு வாரங்களுக்குள் மீண்டும் காயமுற்றனர். உடலின் நடுப்பகுதியை நிலைப்படுத்தும் பயிற்சியும் பக்கவாட்டு அசைவுப் பயிற்சியும் செய்த 13 பேரில் ஒருவரும் அக்காலத்தில் காயமுறவில்லை.

அடுத்து வருவது தசை நீண்ட நிலையில் சுமை தாங்கும் பயிற்சி. சுவீடன் நாட்டு ஆய்வாளர் கார்ல் அஸ்க்லிங் வகுத்த மூன்று பயிற்சிகள் இவ்வகையில் புகழ்பெற்றவை. முதலாவதில், மல்லாந்து படுத்துத் தொடையைச் செங்குத்தாகக் கைகளால் பிடித்துக்கொண்டு, வலி தோன்றும் எல்லைக்குச் சற்று முன்வரை முழங்காலை மெல்ல நீட்ட வேண்டும். இரண்டாவதில், காயமுற்ற காலில் நின்று, நீரில் பாய்பவரைப் போல் கைகளை முன்னே நீட்டி உடலை மெல்லச் சாய்க்க வேண்டும். மூன்றாவதில், கைப்பிடி ஒன்றைப் பற்றிக்கொண்டு, எடையைக் காயமுற்ற காலின் குதிகாலில் தாங்கி, மற்றக் காலைப் பின்னோக்கி வழுக்கவிட வேண்டும். முதல் பயிற்சி நாள்தோறும் இரு வேளையும், இரண்டாவது ஒரு நாள் விட்டு ஒரு நாளும், மூன்றாவது மூன்று நாட்களுக்கு ஒரு முறையும் செய்யப்படுகின்றன. 2013இல் வெளியான அவரது ஆய்வில் சுவீடனின் 75 முன்னணிக் கால்பந்து வீரர்கள் பங்குபெற்றனர். இவ்வாறு நீண்ட நிலையில் பயிற்சி பெற்றோர் சராசரியாக 28 நாட்களிலும், வழக்கமான பயிற்சி பெற்றோர் 51 நாட்களிலும் முழுப் பயிற்சிக்குத் திரும்பினர்.

இம்மூன்று பயிற்சிகளுக்கும் தேவைப்படுபவை ஒரு பாய், ஒரு கைப்பிடி, வழுக்கும் தரை ஆகியவையே என்பது கருதத்தக்கது. மாறாக, காயமுற்றவரின் சொந்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தட்டணுச் செறிவை ஊசி மூலம் செலுத்தும் விலையுயர்ந்த முறை, நெதர்லாந்தில் 80 வீரர்களிடம் சோதிக்கப்பட்டு 2014இல் வெளியான முடிவுகளின்படி, வெற்று ஊசியைவிடக் கூடுதல் பயன் எதனையும் தரவில்லை. கடன் வாங்கியேனும் ஊசி போட்டுக்கொண்டால் விரைவில் ஓடலாம் என்று நம்பும் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி இது.

ஓட்டத்திற்குத் திரும்புவதும் ஏணிப்படி போன்றதே. விரைவு நடை, மெல்லோட்டம், பாதி வேகம், முக்கால் வேகம், முழு வேகம் என ஒவ்வொரு படியும் வலியின்றி முடிந்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். வேகத்தை மெல்லக் கூட்டி மெல்லக் குறைக்க நீண்ட தூரம் முதலில் தேவை. நாட்கள் செல்லச் செல்ல அத்தூரத்தைக் குறைக்கலாம். விரைவோட்டப் பயிற்சிக்கு மறுநாள் தசைக்கு ஓய்வு தருவது நன்று. கபடி வீரருக்குத் திடீரெனத் திரும்புதலும், கிரிக்கெட் வீரருக்குக் குனிந்து பந்தைத் தடுத்தலும், நீளத் தாண்டல் வீரருக்கு எம்பும் அடியும் இக்கட்டத்தின் இறுதியில் சேர்க்கப்படும்.

திரும்பும் நாளை முடிவு செய்தல்

நாட்காட்டியைப் பார்த்துத் திரும்பும் நாளைக் குறிப்பது தவறு. நிறைவேற வேண்டிய நிபந்தனைகள் சில உள்ளன. காயமுற்ற இடத்தை அழுத்தினால் வலி இருத்தல் கூடாது. காலை நேராக உயர்த்தும்போது இரு கால்களும் சம அளவில் உயர வேண்டும். காயமுற்ற காலின் வலிமை மற்றக் காலின் வலிமையில் பத்தில் ஒன்பது பங்கிற்காவது வந்திருக்க வேண்டும். முழு வேக ஓட்டத்தைப் பல முறை, வெவ்வேறு நாட்களில், தடையின்றி ஓடியிருக்க வேண்டும். காலை வேகமாக வீசி உயர்த்தும்போது அச்சமோ தயக்கமோ தோன்றக் கூடாது. தயக்கம் இருப்பின் தசை இன்னும் ஆயத்தமாகவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இந்நிபந்தனைகள் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் தொடைப் பின்தசைக் காயத்திற்கு மிகப் பெரிய காரணங்களுள் ஒன்று, முன்னர் ஏற்பட்ட அதே காயம். மேற்கூறிய அமெரிக்க ஆய்வில், ஓராண்டிற்குள் முதற் பிரிவில் எஞ்சிய 10 பேரில் 7 பேரும், இரண்டாம் பிரிவின் 13 பேரில் ஒருவரும் மீண்டும் காயமுற்றனர். முதல் முறை செலவிடப்படும் கூடுதலான இரண்டு வாரங்கள், பின்னர் இழக்கக்கூடிய பல மாதங்களைக் காப்பாற்றுகின்றன.

தேர்வு நாள் நெருங்கிவிட்ட இளைஞருக்கு இந்த அறிவுரை எளிதாக இராது. வலி தெரியாதிருக்க ஊசி போட்டுக்கொண்டு ஓடிவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு எழுவது இயல்பே. வலி என்பது தசை தரும் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டு முழு வேகத்தில் ஓடினால் முதல் தரக் காயம் இரண்டாம், மூன்றாம் தரமாக மாறி, அந்தத் தேர்வோடு அடுத்த தேர்வும் கைவிட்டுப் போகும் வாய்ப்புண்டு. இதில் அரசு அமைப்புகளும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சோதனைக்கு முன் காயமுற்றதாக அரசு மருத்துவர் சான்றளிக்கும் தேர்வருக்கு, அதே தேர்வுச் சுற்றுக்குள் பிறிதொரு நாள் ஒதுக்க இயலுமா என்பது பரிசீலிக்கத்தக்கது.

வருமுன் காத்தல்

அறிவிப்பு வெளிவந்த பின்னர்த் திடீரென ஓடத் தொடங்குவதே பலருக்குக் காயத்தின் மூலகாரணம். 2023 டிசம்பர் 26 முதல் ஆந்திர அரசு ‘ஆடுதாம் ஆந்திரா’ என்னும் பெயரில் கிரிக்கெட், கபடி, கோகோ, கைப்பந்து, இறகுப்பந்து ஆகிய ஐந்து விளையாட்டுகளைக் கிராமச் செயலக அளவிலிருந்து நடத்தியது. இத்தகைய பெருந்திரள் போட்டிகள் விளையாட்டார்வத்தை வளர்ப்பவை. நெடுநாள் விளையாடாமல் இருந்தோரும் இவற்றில் களம் இறங்குவதால், போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்பே ஆயத்தப் பயிற்சி தொடங்க வேண்டியது அவசியம்.

ஆயத்தப் பயிற்சிகளுள் ‘நார்டிக்’ பயிற்சி முதன்மையானது. ஒருவர் மண்டியிட்டு நிமிர்ந்து நிற்க, மற்றொருவர் அவரது கணுக்கால்களைத் தரையோடு பிடித்துக்கொள்கிறார். மண்டியிட்டவர் இடுப்பை மடக்காமல், தம்மால் இயன்றவரை மெல்ல முன்னோக்கிச் சாய்ந்து, இறுதியில் கைகளால் தரையைத் தாங்குகிறார். ஓடும்போது பின்தசை செய்யும் வேலையை, அதாவது நீண்டுகொண்டே சுமை தாங்குவதை, இது மெதுவான வேகத்தில் பழக்குகிறது. டென்மார்க்கில் 50 கால்பந்து அணிகளின் 942 வீரர்களிடம் நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இப்பயிற்சியை மேற்கொண்ட அணிகளில் 15 காயங்களும், மேற்கொள்ளாத அணிகளில் 52 காயங்களும் பதிவாயின. செலவு ஏதுமில்லாத ஒரு பயிற்சி இவ்வளவு பயன் தருவது பொருளாதார நோக்கிலும் குறிப்பிடத்தக்கது. தொடக்கத்தில் தசை வலி உண்டாகுமாதலின், வாரம் ஒரு நாள், ஐந்து முறை என்ற அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுதல் முறை. இதனுடன், ஓடுமுன் பத்துப் பதினைந்து நிமிட உடற்சூடேற்றமும், வாரந்தோறும் அளவான விரைவோட்டமும் சேர வேண்டும். காயத்திலிருந்து மீண்டவரும் இப்பயிற்சியைத் தொடர்வது இன்றியமையாதது.

அமைப்புகளும் வாய்ப்புகளும்

இயன்முறை மருத்துவம் நம் நாட்டில் வேரூன்றியதற்கு இளம்பிள்ளை வாதம் ஒரு முக்கியக் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் 1953இல் பம்பாயில் இதற்கான முதல் பள்ளி தொடங்கப்பட்டது. சித்தூருக்கு அண்மையில் உள்ள வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், விபத்தொன்றில் கால்களின் இயக்கத்தை இழந்து சக்கர நாற்காலியிலிருந்தே பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966இல் புனர்வாழ்வு நிலையம் உருவாயிற்று. திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் இயங்கும் ‘பர்டு’ மருத்துவமனை, இளம்பிள்ளை வாதத்தால் ஊனமுற்றோருக்கு அறுவை சிகிச்சையும் புனர்வாழ்வும் அளித்துப் பெயர் பெற்றது. 1995இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் இயன்முறை மருத்துவக் கல்லூரியும் உள்ளது. அரசு ருயா மருத்துவமனையும் இந்நகரிலேயே இருக்கிறது.

2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி இளம்பிள்ளை வாதம் அற்றதெனச் சான்றளிக்கப்பட்டது. அந்நோயை எதிர்த்து வளர்ந்த புனர்வாழ்வுக் கலையின் ஒரு பகுதியை இன்று விளையாட்டுக் காயங்களுக்கும் பயன்படுத்த முடியும். 2021ஆம் ஆண்டின் தேசியத் துணைநிலை மற்றும் உடல்நலத் தொழில்கள் ஆணையச் சட்டம் இயன்முறை மருத்துவர்களின் கல்விக்கும் பதிவுக்கும் நாடு தழுவிய நெறிமுறைகளை வகுக்க வழிசெய்துள்ளது.

ஆனால் வல்லுநர்கள் நகரத்தில் இருக்க, காயங்கள் கிராமத்துத் திடல்களில் நிகழ்கின்றன. இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர் உயர்நிலைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். எச்சரிக்கை அறிகுறிகளை அறிதல், முதல் நாட்களின் பராமரிப்பு, நான்கைந்து எளிய பயிற்சிகள், திரும்பும் நிபந்தனைகள் ஆகியவற்றை அவருக்குச் சில நாள் பயிற்சியில் கற்பிக்கலாம். கல்லூரியின் இயன்முறை மருத்துவ மாணவர்கள் குறிப்பிட்ட நாட்களில் மண்டல அளவில் முகாம் நடத்தினால், ஐயத்திற்குரிய காயங்களை அங்கேயே சோதித்து, தேவைப்படுவோரை மட்டும் திருப்பதிக்கு அனுப்பலாம். பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் மிச்சமாகும். மருத்துவமனையின் கூட்டமும் குறையும். பயிற்சிகளைத் தெலுங்கிலும், எல்லைப்புற மண்டலங்களில் தமிழிலும், படங்களுடன் ஒரே தாளில் அச்சிட்டுத் திடல்களில் ஒட்டலாம்.

விளையாட்டு வளர்ச்சியைப் பதக்கங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளப்பது முழுமையாகாது. ஒரு காயத்தினால் ஓட்டத்தையே கைவிட்ட இளைஞர்களின் எண்ணிக்கை எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. அவர்களுள் பலரை ஒரு பாயும், கணுக்காலைப் பிடித்துக்கொள்ள ஒரு தோழரும், அவசரப்படாதிருக்கச் சொல்லும் ஓர் ஆசிரியரும் மைதானத்திற்குத் திரும்ப அழைத்து வந்திருக்க முடியும். அடுத்த ஆட்சேர்ப்பு அறிவிப்பு வெளிவருவதற்கு முன்னரே இவ்வேற்பாடுகளைத் தொடங்கினால், அதற்காக ஓடப்போகும் இளைஞர்கள் முதல் நாளிலிருந்தே அதன் பயனைப் பெறுவர்.